சிவப்பு அட்டை ஒட்டிய ஸ்டூல்

என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் ஷூ, கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூதான். மத்தூர்ப் பக்கத்துப் பெண் நான். பத்தொன்பது வயதுவரை என் காலுக்கு ரப்பர் செருப்பைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஓசூருக்கு வேலைக்கு வந்த முதல் நாள், ஸ்டோர்காரர் ஒரு ஜோடி கறுப்பு ஷூவை எடுத்து மேசைமேல் வைத்தார். விரல் பக்கம் உள்ளே இரும்புத் தொப்பி. ஆண்களுக்கென்று செய்த அளவு. எனக்கு நீளத்தில் பெரிது, முன்பக்கம் இறுக்கம். சின்ன நம்பர் இல்லையா என்று கேட்டேன். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள் என்றார். போட்டுக்கொண்டேன். இருபத்து மூன்று வருடம் அப்படியே போட்டுக்கொண்டேன்.

கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. நீளமான பலகைகள் நகர்ந்துகொண்டே வரும். இரண்டு பக்கமும் நின்று வயரை வளைத்து, கிளிப் போட்டு, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். எங்கள் லைனில் பதினாறு பெண்கள். அதற்கு ஒன்பது வருடமாக நான்தான் லீடர். லீடர் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். ஷிஃப்ட் மணி அடித்ததிலிருந்து முடியும்வரை நான் நின்றால்தான் மற்றவர்கள் நிற்பார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டு வேளையில்கூடத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றே சாப்பிட்டிருக்கிறேன். திமிர்தான், வேறென்ன.

லைன் கடைசியில் ஒரு இரும்பு ஸ்டூல் இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. முடியாதபோது ஆளுக்கு இரண்டு நிமிடம் அதில் உட்கார்ந்து எழுந்து போவார்கள். தென்காசியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே உட்காருவாள். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லைனில் வேலைக்கு உதவாமல் கிடக்கும் எந்தப் பொருளானாலும் அதன்மேல் சிவப்பு அட்டை ஒட்டி, ஒட்டியவர் கையெழுத்துப் போட்டு, மெயின்டனன்ஸ் அறைக்கு அனுப்பிவிட வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் ஒட்டியவரே போய்க் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஆடிட் வந்தபோது அந்த ஸ்டூல்மேல் நான் அட்டை ஒட்டினேன். லைன் சுத்தமாக இருக்கிறது என்று வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

அந்தக் கைதட்டலுக்கு முன்பே என் வலது கால் கட்டைவிரல் கோணிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. விரல் பக்கத்து விரல்மேல் சாய, அடியில் மூட்டு எலும்பு வெளியே துருத்திக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, சிவந்து, ஷூவில் உரசி உரசிக் காய்த்துப்போனது. நான் என்ன செய்தேன்? ஷூவின் பக்கவாட்டில் பிளேடால் கீறி, எலும்பு வெளியே வர வழி பண்ணி, மேலே கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். எங்கள் லைனில் டேப்புக்கா பஞ்சம்? எட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் ஓட்டினேன். ஒரு நாள் கேட்டில் சேஃப்டி ஆபீசர் குனிந்து பார்த்துவிட்டார். நல்ல மனிதர், கத்தவில்லை. இந்தக் காலோடு மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று மட்டும் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் ஆபரேஷன் என்றார். எலும்பை வெட்டி, நேராக்கி, ஸ்க்ரூ போட வேண்டும். நின்று செய்கிற வேலைக்குத் திரும்ப மூன்று மாதமாவது ஆகும். கம்பெனியில் மேனேஜரிடம் சொன்னேன். அவர் விதிமுறையைச் சொன்னார். மூன்று மாதம் கழித்துக் கம்பெனி டாக்டர் முன்னால் நான் சேஃப்டி ஷூவைப் போட்டு, மூன்று இரும்புப் படி ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் பழையபடி லைன். முடியாவிட்டால் பேக்கிங்கில் உட்கார்ந்து செய்கிற மேசை ஒன்று காலியாக இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை தென்காசிப் பெண் லைனைப் பார்த்துக்கொள்வாளாம். எனக்குச் சுருக்கென்றது. பேக்கிங் மேசையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுவதற்கா இருபத்து மூன்று வருடம் நின்றேன்? மூன்று மாதம் எதற்கு, இரண்டே மாதத்தில் வந்து நிற்கிறேன் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காது நன்றாகக் கேட்டது. டிரில் ஓடும் சத்தம் எங்கள் மெயின்டனன்ஸ் அறையில் கேட்கிற அதே சத்தம்தான். எத்தனை ஸ்க்ரூ சார் என்று கேட்டேன். இரண்டு என்றார் டாக்டர். அளவாக முடுக்கியிருக்கிறீர்களா, டார்க், அதாவது முடுக்கிய இறுக்கம், செக் பண்ணினீர்களா என்று கேட்டேன். எங்கள் லைனில் அதைச் செக் பண்ணாமல் எதையும் அடுத்த கைக்கு அனுப்ப மாட்டோம். முகமூடிக்குள் அவர் சிரித்தது தெரிந்தது. ரொம்பத் தெம்பாகத்தான் இருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மரத்துப்போனது விட ஆரம்பித்தது. அப்புறம் என் வாய்ச்சவடால் எங்கே போனது என்றே தெரியவில்லை. கட்டுக்குள்ளே யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து அழுத்துகிற மாதிரி. மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், எதுவும் உடனே கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தே கிடந்தேன். என் வீட்டுக்காரர் கெலமங்கலத்துக்காரர்; டெம்போ ஓட்டித் தக்காளி ஏற்றுகிறவர். அன்று வண்டியை நிறுத்திவிட்டுக் கூடவே இருந்தார். வலிக்கிற காலைத் தொட முடியாது என்பதால் மற்றக் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன்.

“வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லு புள்ள. இங்க யாரு உன்ன மார்க் போட்டுக்கினு இருக்கறாங்க” என்றார்.

சொன்னேன். வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்லி அழுதேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் முன்னால் வலிக்கு அழுதது அதுதான் முதல் முறை. பிரசவத்தில்கூடச் சத்தம் போடவில்லை என்று பெருமை பேசுகிறவள் நான்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்தே கிடக்க வேண்டும். அடிப்பாகம் கட்டை போல இருக்கும் ஒரு செருப்பு கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக் குதிகாலை மட்டும் ஊன்றிக் கழிவறைவரை போகலாம், அவ்வளவுதான். மார்கழி மாத ஓசூர்க் குளிரில், ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, காலுக்கு ஐஸ் கட்டி வைத்துக்கொள்வது என்ன கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் மதியம் திரும்பி வந்து களி கிண்டிப் போடுவார். களி மட்டும் அவர் கைக்கு அமைந்ததுபோல எனக்கு என்றும் அமைந்ததில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். காலையில் ஐந்தே முக்காலுக்குத் தெரு முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். இருபத்து மூன்று வருடம் அந்தச் சத்தத்துக்கு முன்னால் போய் நின்றவள், படுத்துக்கொண்டே அதைக் கேட்டேன். பஸ் நிற்கும், கிளம்பும். என்னைத் தவிர எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

பதினைந்தாம் நாள் தையல் பிரித்தார்கள். விரல் நேராக இருந்தது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டைவிரலைக் கையால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் மடக்க வேண்டும், ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை என்று டாக்டர் சொன்னார். மற்ற நேரம் கால் மேலேயே இருக்க வேண்டும்.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எங்களை மாதிரி ஆட்கள்தான் அதைச் செய்வார்கள். சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, லைன் போர்டில் போடுகிற மாதிரியே இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் டார்கெட், ஒன்றில் முடித்தது. டார்கெட் முப்பது. முதல் நாள் முப்பது முடித்தேன். மறுநாள் நாற்பத்தைந்து. லைனில் டார்கெட்டைத் தாண்டினால் பேரைப் போர்டில் எழுதுவார்கள், டீயோடு பப்ஸ் வரும். தாண்டியதற்காக யாரும் திட்டி நான் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் நூற்றிருபது மடக்கல் என்று எழுதி வைத்தேன். ஓ.டி., அதாவது கூடுதல் நேரம், பார்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுதான் என் கணக்கு. அது போதாதென்று ஒரு காலை, வீட்டுக்காரர் டெம்போ எடுத்துப் போன பிறகு, கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெரு முனைவரை நடந்தேன். பஸ்ஸில் இருந்த பெண்கள் ஜன்னல் வழியே கையாட்டினார்கள். ராணி மாதிரிக் கையாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பத்து மணிக்குள் கால் பூசணிக்காய் ஆகிவிட்டது. தையல் பிரித்த இடம் ஓரமாகப் பிளந்து நீர் கசிந்தது. வீட்டுக்காரரைப் போன் போட்டு வரவழைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல வேளை, ஸ்க்ரூ நகரவில்லை. டாக்டர் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நானும் மறைக்காமல் கணக்கைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“எலும்புக்கு ஓ.டி. கிடையாதும்மா. அது எட்டு மணி நேரம்தான் வேலை செய்யும், மீதிப் பதினாறு மணி நேரம் நீங்க அத விட்டுடணும்” என்றார்.

மூன்று வாரம் மடக்கக் கூடாது, நடக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. வலியால் இல்லை, பயத்தால். இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று சொன்ன வாய் இது. மூன்று மாதத்திலும் முடியாமல் போனால் பேக்கிங் மேசைதான். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் சுவரில் இருந்த தாளைக் கிழித்து, மடித்து, அடுப்பு மேடையில் எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் வைத்தார்.

பக்கத்து வீட்டு அக்கா ஜாக்கெட் தைக்கிறவர். முஸ்லிம் குடும்பம், எங்களுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். என்னைத் தனியாக விட்டால் மறுபடியும் எங்காவது கிளம்பிவிடுவேன் என்று, தினமும் காலையில் வந்து என்னைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். தையல் மெஷினுக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்து, என் காலைத் துணி மூட்டைமேல் தூக்கி வைப்பார். சும்மா இருக்கக் கை துறுதுறுக்கிறதே என்று, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைக்கக் கொடுத்தார். நான் வைத்த முதல் ஆறு கொக்கியையும் பிரித்துப் போட்டார். ஏழாவதிலிருந்து ஒழுங்காக வந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த அக்காவின் வேலையை நான் வேலையாகவே நினைத்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டு தைப்பது என்ன பெரிய விஷயம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. ஒரு நாள் பேச்சு வாக்கில், பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டால் என் மானமே போய்விடும் என்று அவரிடம் புலம்பினேன். மெஷின் நின்றது.

“நான் உக்காந்துதாம்மா ரெண்டு பொண்ணயும் படிக்க வெச்சு, கட்டிக் குடுத்தேன். என் மானம் எங்கயும் போவல” என்றார். கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. கொக்கியைத் தைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்காசிப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தாள். நான் எப்போது வருவேன், வராமலே போவேனா என்று வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். லைன் எப்படிப் போகிறது என்று கேட்டேன். நீங்கள் இல்லாமல் திண்டாட்டமாக இருக்கிறது அக்கா என்றாள். நான் நம்பவில்லை. கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் ரொம்ப வலித்ததா என்று கேட்டாள். அப்புறம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் படுக்க வேண்டும், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதற்கு இவ்வளவு விசாரணை என்று எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் கட்டைவிரல் உள்ளே சாய்ந்து, மூட்டு எலும்பு வெளியே தள்ளியிருந்தது. என்னுடையதைவிட மோசம். வயதோ என்னில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேலையை இறக்கிக் காலை மூடினாள். லீடரிடம் இதைக் காட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை அவளுக்குத் தெரிய வைத்தவள் நான்.

மூன்று வாரம் கழித்து மடக்கல் ஆரம்பித்தேன். பத்து என்றால் பத்துதான். பதினொன்றாவதுக்குக் கை போனால் கையைப் பிடித்து நானே மடியில் வைத்துக்கொள்வேன். பிறகு வீட்டுக்குள் நடை, பிறகு தெரு, பிறகு பஸ் நிற்கும் இடம். அக்கா பஜாருக்குப் போகும்போது கூடப் போனேன். திரும்பும் வழியில் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லி, கடைப் படியில் உட்கார்ந்து எழுந்து வருவேன். உட்காரப் பழகுவதுதான் நடக்கப் பழகுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் மாதம் முடிந்தது, மூன்றாம் மாதமும் முடிந்தது. மூன்று மாதமும் ஒரு வாரமும் ஆனபோது, இனிப் போகலாம் என்றார் டாக்டர். ஒரு கடிதமும் கொடுத்தார். ஐம்பது நிமிடம் நின்றால் பத்து நிமிடம் உட்கார வேண்டும், ஆறு மாதத்துக்கு.

அந்தக் கடிதத்தைக் காட்டாமல் விட்டுவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். காட்டினால் பேக்கிங் மேசைக்குத் தள்ள அதுவே ஒரு காரணம் ஆகிவிடும்.

கம்பெனிக்குப் போன அன்று, அகலமான புது ஷூ கொடுத்தார்கள். சேஃப்டி ஆபீசர் சொல்லி வரவழைத்தாராம். கம்பெனி டாக்டர் முன்னால் போட்டேன். விரல் உள்ளே போய் நேராக உட்கார்ந்தது. மூன்று படி ஏறினேன், இறங்கினேன். இன்னொரு முறை ஏறட்டுமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் கைகொடுத்து, பழையபடி லைனுக்குப் போங்கள் என்றார். நான் கடிதத்தை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். படித்துவிட்டுத் தயங்கினார். உட்கார வேண்டுமென்றால் பேக்கிங் இருக்கிறதே என்று மறுபடியும் ஆரம்பித்தார். லைன் என்னுடையது சார், லைனிலேயே உட்காருகிறேன், டார்கெட் குறைந்தால் அன்றைக்கே என்னைப் பேக்கிங்குக்கு அனுப்புங்கள் என்றேன். லைனில் உட்கார ஏது ஸ்டூல், ஆடிட்டில் சிவப்பு அட்டை ஒட்டி அனுப்பிவிட்டோமே என்றார்.

“ஒட்டனது நான்தான் சார். நானே எடுத்துக்கறேன்.”

மெயின்டனன்ஸ் அறையில் அந்த ஸ்டூல்மேல் ஏறித்தான் டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கச் சொன்னேன். அடிப்பக்கம் சிவப்பு அட்டை அழுக்கேறி அப்படியே இருந்தது. வேலைக்கு உதவாது என்று என் கையால் எழுதி, கீழே நான் போட்ட கையெழுத்து. பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டு அட்டையை உரித்தேன். ஸ்டூலை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். பதினாறு பேரும் கையை நிறுத்தாமல் என்னையே பார்த்தார்கள். ஐம்பது நிமிடம் நின்றேன். பிறகு எல்லார் கண்ணுக்கும் முன்னால் லைன் கடைசியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். காது மடல் சூடானது. பலகைகள் பாட்டுக்கு நகர்ந்து போய்க்கொண்டிருந்தன.

பத்து நிமிடம் ஆனதும் எழுந்து தென்காசிப் பெண்ணிடம் போனேன். அவள் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டு, போய் உட்கார் என்றேன். வேண்டாம் அக்கா, பரவாயில்லை என்று பின்வாங்கினாள். நான் விளையாடுகிறேனா, சோதிக்கிறேனா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தோளைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தேன். அவள் குனிந்து ஷூ நாடாவைத் தளர்த்தினாள். நிமிரவே இல்லை.

“மூணு வருசமா வலிக்கிக்கா” என்றாள்.

“தெரியும்” என்றேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் நொண்டி நடந்ததை அப்போதே நான் பார்த்திருந்தேன். ஆடிட்டுக்காக ஸ்டூலை எடுக்கச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவள் அதில் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் அந்த அட்டையை ஒட்டினேன். இதையும் அவளிடம் அங்கேயே சொல்லிவிட்டு, அவள் இடத்தில் போய் நின்று டேப் சுற்ற ஆரம்பித்தேன்.